பச்சை மாறாத பதினேழாம் படகு

"புதன், மாலை 4.10. திரையில் ஒரு வரி மிச்சம். பச்சை." மாப்பிள்ளையூரணி வீட்டில் போன வாரம் அலமாரியை ஒழித்தபோது அகப்பட்ட பழைய குறிப்பேட்டில் இப்படி எழுதியிருக்கிறேன். சலூனில் காத்திருந்த நேரத்தைக்கூடத் தேதி போட்டுக் குறித்துவைக்கிற ஆள் நான். தேதி விட்டுப்போன ஒரே குறிப்பு இதுதான்.

பக்கத்தைப் புரட்டினால் டீசல் வாடை. தூத்துக்குடியில் நான் வேலை பார்த்த படகு உரிமையாளர் அலுவலகம் முழுக்க அந்த வாடைதான். விடியுமுன் போகிற ஃபைபர் படகுகள் மதியம் ஒன்றுக்குள் திரும்பிவிடும். முன்பெல்லாம் சுவரில் ஓர் ஆணிப்பலகை. போன படகுக்கு ஒரு தகர வில்லையை மாட்டுவார்கள், வந்ததும் எடுப்பார்கள். அதற்குப் பதிலாக நான் ஒரு மென்பொருள் எழுதினேன். கடலில் இருக்கும் படகு பச்சை வரி, கரை வந்ததும் அழிந்துவிடும். மூன்று மணிக்கும் வராவிட்டால் சிவப்பு.

விண்டோஸ் கணினி உப்புக்காற்றில் செத்தது. கிடைத்த லினக்ஸ் கணினிக்கு மென்பொருளை மாற்றினேன். இரண்டே நாளில் ஓடியது. "எதுல போட்டாலும் ஓடும்க்கா" என்று, பதிவேடு பார்க்கும் ஜெசிந்தா அக்காவிடம் பீற்றிக்கொண்டேன். ஆணிப்பலகையையும் கழற்றவைத்தேன்.

ஒன்பதாம் நாள், அந்தப் புதன் மாலை, அக்காவின் தம்பி, பதினேழாம் படகில் போன ஜெரால்டுடைய தூக்குவாளி மேசையில் திறக்காமலே இருந்தது. கரை வந்ததும் அங்கேதான் சாப்பிடுவார்.

"ஏலே, ஒம் பொட்டி இன்னும் பச்சை காட்டுது. எந்தம்பி எங்கல?"

"சிவப்பு வரலியேக்கா."

"அது சொன்னாத்தான் நான் அழணுமோ? வெயிலு சாஞ்சிட்டு, வெளிய வந்து பாருல!"

மென்பொருள் மணி என்னவென்று நினைக்கிறது என்று பார்த்தேன். காலை 10.40. விண்டோஸில் நான் கேட்டதற்கு ஊர் நேரம் கிடைத்தது. லினக்ஸுக்கு நான் எழுதிய வரியோ கிரீன்விச் நேரத்தைத் தந்தது. ஐந்தரை மணி நேரம் பின்னால். இரவு எட்டரைக்குத்தான் அதற்கு மூன்று மணி. எட்டு நாளும் எல்லாப் படகும் ஒழுங்காக வந்ததில் ஒருவருக்கும் தெரியவில்லை. இயங்குதளம் மாறினால் கோப்பு வைக்கும் இடம்தான் மாறும் என்று நினைத்த மேதை நான்.

அக்கா கரைக்கு ஓடினார். இரண்டு படகுகள் கிளம்பின. "ஏளா, கொஞ்சம் முந்திச் சொல்லப்படாதா?" என்றார் அதிலொன்றை ஓட்டிய அந்தோணி அண்ணாச்சி. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். காட்டிக்கொடுக்கவில்லை.

ஆறு மணிக்குள் பதினேழாம் படகைக் கட்டி இழுத்து வந்தார்கள். புரொப்பல்லரில் சுற்றிய வலையை அறுக்கக் குதித்த ஜெரால்டுடைய வலது கையில் சட்டையைக் கிழித்துக் கட்டியிருந்தது. துணி நனைந்து கறுத்திருந்தது. இரண்டு விரல்கள் இன்றுவரை மடங்குவதில்லை.

இப்போது எதை எழுதினாலும் மூன்று இயங்குதளங்களில், நாலைந்து நாட்டு நேரங்களில் ஓட்டிப் பார்க்காமல் யாரிடமும் கொடுப்பதில்லை. அந்த அலுவலகம் இல்லை. அது இருந்த இடத்தில் ஐஸ் வண்டிகள் நிற்கின்றன. தகர வில்லைகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள்.

காலையிலேயே வெட்டுப் பட்டிருந்தால் மூன்று மணிக்குத் தேடிப்போயிருந்தாலும் பயனில்லை, மதியத்துக்குமேல் என்றால் விரல்களைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் அன்று கையைத் தைத்த மருத்துவர். "பதினோரு மணிக்கே பட்டுட்டுல. நீ சும்மா கெட" என்கிறார் ஜெரால்டு. கூடப் போன சேவியர் ரெண்டரை மணி என்றான். அவன் கப்பல் வேலைக்குப் போனவன், இப்போது எங்கே என்று தெரியவில்லை. எது சரி என்பதை என்னால் இன்னும் உறுதிசெய்ய முடியவில்லை.