சேரனின் காது மிஷின்

என் தம்பி சேரனைப் போலப் படகில் இன்ஜின் பிடிக்கிற ஆள் நொச்சிக்குப்பத்தில் இல்லை. அக்கா என்பதால் சொல்லவில்லை. அவனோடு கடலுக்குப் போகிறவர்களைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். அலை உடைகிற இடத்தில் வேகத்தை எப்போது கூட்டுவது, எப்போது அடக்குவது என்று அவன் கைக்குத் தெரியும். மீசை முளைக்கும் முன்பே படகின் பின்பக்கம், இன்ஜினை ஒட்டி உட்கார்ந்தவன், நாற்பது தாண்டியும் அங்கேயேதான் உட்கார்ந்தான். கரைக்கு வந்த பிறகும் காதுக்குள் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கிறது என்பான். கடலுக்குப் போகிற எல்லாருக்கும் அப்படித்தான் என்று நாங்கள் விட்டுவிட்டோம்.

காது ஒரே நாளில் போகவில்லை. முதலில் குழந்தைகள் பேச்சு போனது, பிறகு பெண்கள் பேச்சு. ஆண்கள் பேசுவது கேட்டது, ஆனால் சொற்கள் பிரியாமல் கலங்கலாக இருந்தது. கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினான். போனாலும், எதைச் சொன்னாலும் சிரித்துத் தலையாட்டினான். கடலில் மட்டும் அவனுக்குக் குறை தெரியவில்லை. இன்ஜின் ஓடும்போது அங்கே யாருக்கும் எதுவும் கேட்காது. எல்லாரும் கையால்தான் பேசிக்கொள்வார்கள்.

கரையில் அவனுக்குக் காதாக இருந்தவள் நான். லூப் ரோடு மார்க்கெட்டில் மீன் ஏலம் விடுகிறவள். நான் விலை கூறினால் கலங்கரை விளக்கத்துப் பக்கம் நிற்கிறவரும் திரும்பிப் பார்ப்பார். அந்தக் குரல் சேரனுக்கு எட்டியது. அவன் மனைவி கயலுக்கு மெல்லிய குரல், பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும். அதனால் சங்கத்து ஆட்கள், வலை விற்கிறவர், என் தம்பி மகளின் டீச்சர் எல்லாரும் என்னிடம்தான் வந்தார்கள். "தேவானைக்கா, தம்பி கைல சொல்லிடு" என்பார்கள். நான் சொல்லிவிடுவேன். தெருவுக்கே கேட்கும், அவனுக்கும் கேட்கும்.

ஒரு நாள் காலையில் அவன் படகு அலைக்கு வெளியே வரும்போதே கையைத் தூக்கி ஏதோ காட்டினான். என் பக்கத்தில் நின்ற கயல் திரும்பி, "சங்கரா மீனு, அண்ணி. கூட கொஞ்சம் நெத்திலி" என்றாள். படகு கரை ஏறியதும் பார்த்தேன். சங்கரா, கூடக் கொஞ்சம் நெத்திலி. படகில் பேசுகிற கை ஜாடை முழுவதையும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். எத்தனை வருஷமாக அவன் மீனை நான் விற்கிறேன், எனக்கு ஒரு விரல் அசைவுகூடச் சொல்லித் தரவில்லை. அடுத்த வாரத்திலிருந்து வியாபாரிகள் என்னை விட்டுவிட்டு, படகில் என்ன மீன் வருகிறது என்று அவளைக் கேட்டார்கள். அவள் அடக்கமாகத்தான் பதில் சொன்னாள். அந்த அடக்கமும் எனக்குப் பொறுக்கவில்லை.

அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதும் அவள்தான். சத்தத்தால் காது நரம்பு கெட்டிருக்கிறது, போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார்களாம். காது மிஷின் கொடுத்தார்கள். தினமும் மாட்டிப் பழக வேண்டும், மாட்டாமல் வைத்தால் பேச்சைப் பிரித்துக் கேட்கிற பழக்கமே விட்டுப்போகும் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்கள். எனக்கு எல்லாம் முடிந்த பிறகுதான் தெரியும்.

மிஷின் வந்த பிறகு சாயந்தரம் அவன் வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அதைக் கழற்றி டப்பாவில் வைத்தான். மறுநாளும் அப்படியே. பெண்டாட்டி பேசினால் போட்டுக்கொள்கிறான், அக்கா வந்தால் கழற்றுகிறான். கயலிடம், என் தம்பிக்கு என்ன சொல்லிக் கொடுத்து வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். அவள் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்:

"நான் ஒண்ணும் சொல்லல. மிஷினே உங்களக் கண்டா பயப்படுது அண்ணி."

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு நானும் கிளம்பினேன். அங்கே காது பரிசோதிக்கிற பெண்ணின் பெயர் ஸ்நேஹா. மிஷினை ஏன் சரியாக மாட்டுவதில்லை என்று அவள் கேட்டபோது சேரன் என்னைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். நான் முந்திக்கொண்டு பேச ஆரம்பித்தேன். காதைப் பொத்திக்கொண்டான். ஸ்நேஹா என்னைக் கோபிக்கவில்லை. இப்படிக் கெட்ட காதுக்குச் சின்னச் சத்தம் கேட்காது, ஆனால் பெரிய சத்தம் மற்றவர்களைப் போலவே உறைக்கும் என்றாள். கத்தினால் சொல் உடைந்துபோகும். முன்னால் உட்கார்ந்து, முகத்தில் வெளிச்சம் விழ, நிதானமாகப் பேசினால் போதும்.

அப்போதுதான் சேரன் வாயைத் திறந்தான்.

"நீ பேசுனா சத்தந்தான் வருதுக்கா. பேச்சு வர்ல."

வீடு வரும் வழியெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எந்தக் குரலால் அவனை எனக்கென்று வைத்திருந்தேனோ, அதே குரலால் கயலிடம் விட்டிருக்கிறேன். குரலைப் பிடித்துக்கொண்டால் அவன் மிஷினைக் கழற்றுவான். கழற்றக் கழற்ற இருக்கிற காதும் வீணாகும். அவளிடமா நான் தோற்பது?

மார்க்கெட்டில் என் குரல் அப்படியே இருக்கிறது. அவன் வாசலில் செருப்பை விடும்போது குரலையும் இறக்கிவிடப் பழகினேன். முதலில் முடியவில்லை, இரண்டு சொல்லுக்குள் ஏறிவிடும், அவன் கை காதுக்குப் போகும். நிறுத்தி, மறுபடி ஆரம்பிப்பேன். டிவியை அணைக்கச் சொல்லி, ஜன்னல் வெளிச்சம் என் முகத்தில் படும்படி எதிரே உட்காருவேன். என்னைக் கண்டதும் அவன் மிஷினைக் கழற்றி டப்பாவில் வைப்பது குறைந்தது.

இப்போது இன்ஜினில் எங்கள் சித்தப்பா மகன் முருகையன் உட்காருகிறான். சேரன் படகின் முன்பக்கம் போய்விட்டான். காதுக் கவசம் போடாமல் யாரும் இன்ஜின் பக்கம் உட்காரக் கூடாது என்பது அவன் சட்டம். முதல் நாள் பையன்கள், "இன்னா நைனா, ஃப்ளைட்டா ஓட்டப் போற?" என்று முருகையனைக் கிண்டல் செய்தார்கள். இப்போது வேறு படகுக்காரர்களும் எங்கே வாங்கினாய் என்று விசாரிக்கிறார்கள். கேட்கிறவர்களிடம் என் தம்பி பெயரைச் சொல்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் சாப்பிட்டேன். கயல் அடுப்படியில் மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். நான் சேரனின் முகத்துக்கு நேராகக் குனிந்து, குழம்பில் உப்புத் தூக்கல் என்று மெதுவாகச் சொன்னேன். மிஷின் காதிலேயே இருந்தது. கேட்டு, சோறு புரையேறச் சிரித்தான்.

"இன்னா அண்ணி சொன்னீங்க? எனக்குக் கேக்கலியே" என்றாள் கயல் உள்ளேயிருந்து.

நான் திரும்பச் சொல்லவில்லை.