ஆள் இல்லை என்று சொன்ன பெட்டி

அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் எனக்கு வேலை. தினமும் மதியம் பாறைக்கு வெடி வைப்பார்கள். சுற்றுவட்டாரத்தில் ஆளோ ஆடுமாடோ இல்லை என்று திரையைப் பார்த்து நான் பொத்தானை அழுத்தினால்தான் வெடி. முன்பெல்லாம் சிவப்புக் கொடியும் விசிலுமாகச் சில பேர் சுற்றிவந்து ஆட்களை விரட்டுவார்கள். அவர்களை நிறுத்திவிட்டுக் கம்பங்களில் கேமரா மாட்டினார்கள். படத்தைப் பார்த்து ஆள் இருக்கிறதா என்று தானே கண்டுபிடிக்கும் ஏஐ பெட்டி ஒன்றும் வந்தது. ஆள் இல்லையென்றால் திரையில் பச்சை. பெட்டி சோலாரில் ஓடுகிறது. இருப்பதிலேயே மலிவானதைத் தேடிப் பிடித்திருப்பார்கள், எங்கள் ஆபீஸைப் பற்றி எனக்குத் தெரியாதா?

ஒரு நாள் நன்றாக மூட்டம் போட்டிருந்தது. சைரன் ஊதி முடிந்தது, திரையெல்லாம் பச்சை. ஆனால் மூன்றாம் கம்பத்துப் படத்தில் கருவேல மரத்தின் நிழல் பளிச்சென்று விழுந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே பொட்டு வெயில் இல்லை. பெட்டியைப் பொருத்திய திருச்சி டெக்னீஷியனுக்குப் போன் போட்டேன்.

"பேட்டரி கம்மியா இருந்தா எல்லாக் கேமராவையும் அதால பாக்க முடியாது மேடம். மாத்தி மாத்திப் பாக்கும். பாக்காததுக்குப் பழைய படத்தையும் ரிசல்ட்டையுமே காட்டும்."

"பாக்கலைன்னு காட்ட வேண்டியதுதானே?"

"அப்படித்தான் இருந்துச்சு. அடிக்கடி வேலை நிக்குதுன்னு உங்க ஆபீஸ்லதான் எடுக்கச் சொன்னாங்க."

நான் பொத்தானை அழுத்தவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மேனேஜர் வந்து குதித்தார். "பச்சைதானம்மா காட்டுது? ஏதாச்சும் ஆனா பெட்டியோட ரிப்போர்ட் இருக்கு. உன்னைய யாரும் கேக்கப் போறதில்ல."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். என்னைக் கேட்க மாட்டார்கள், அவரையும் கேட்க மாட்டார்கள், பெட்டியைக் கேட்க முடியாது. அப்புறம் யாரைத்தான் கேட்பது? நான் ஜீப்பை எடுக்கச் சொல்லிக் கிளம்பினேன்.

மூன்றாம் கம்பத்துக்கு அடியில் வெள்ளாடுகளோடு என் சின்னம்மா உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தது.

"சைரன் காதுல வுழலியா?" என்று கத்தினேன்.

"வுழுந்துச்சே. அதான இங்க வந்து ஒக்காந்தேன்? கேமரா ஆளப் பாத்துட்டா வெடி வைக்க மாட்டாங்க. ஊர்ல எல்லாரும் சைரன் அடிச்சா கம்பத்துக்குத்தான் ஓடியாருவோம்."

கையைப் பிடித்து இழுத்து ஜீப்பில் ஏற்றும்போது அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது எனக்கு. ஆடுகளை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அது என்னைத் திட்டிக்கொண்டே வந்தது.

புது பேட்டரி வரும் என்று நினைத்தேன். பொத்தானைத்தான் எடுத்தார்கள். இப்போது பச்சை வந்தாலே வெடி வைப்பவருக்கு உத்தரவு போய்விடும். என்னை லாரி எடை போடும் இடத்துக்கு மாற்றினார்கள். ஊரில் வீடு வீடாகச் சொல்லிப் பார்த்தேன். சின்னம்மா நம்பியது. மற்றவர்கள், வேலையை மாற்றிய வயிற்றெரிச்சலில் பேசுகிறேன் என்றார்கள்.

நேற்றும் சைரன் ஊதியது. எடைமேடையிலிருந்து பார்த்தேன். இரண்டு பெண்கள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு கம்பத்தை நோக்கி ஓடினார்கள். போய்ச் சேர்ந்ததும் ஒருத்தி கேமராவை அண்ணாந்து பார்த்துக் கையை ஆட்டினாள்.