மூக்குப்பேணிச் சரித்திரம்

வவுனியா ஸ்டேஷனுக்கு முன்னால் ஒரு முஸ்லிம் நானாவின் தேத்தண்ணிக் கடையில் இருக்கிறேன். ரயில் பிந்துகிறது. அடுத்த கதிரையில் ஓய்வுபெற்ற கிளாக்கர் ஒருவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பக்கத்துப் பூவரசங்குளத்தில் காணி எடுத்தவர். வவுனியாவின் சரித்திரம் எழுதுகிறாராம். மடியில் கொப்பி.

"இஞ்ச முந்திக் காடுதான். நாங்கள் வந்துதான் ஊராச்சுது."

"நீங்கள் வந்து எவ்வளவு காலம்?"

"வாற தைக்கு ஏழு வருசம்."

எதிரே சிங்களவரின் பேக்கரி, தகப்பன் காலத்தது. அதன் வாசலில் மாட்டுக்கு வைக்கோல் போடும் வண்டில்காரரின் பரம்பரையே இந்த மண்ணில் நெல் விதைத்தது. நானாவின் பாட்டனாரும் இங்கேதான் கடை வைத்திருந்தார். ஒருவரும் கொப்பியில் இல்லை.

கிளாக்கர் பையிலிருந்து தன் மூக்குப்பேணியை, ஊற்றிக் குடிக்க மூக்கு வைத்த பித்தளைக் குவளையை, எடுத்து நீட்டுகிறார். கண்டவர் வாய் வைத்த கோப்பையில் அவர் குடிக்கமாட்டார். நானா முகம் மாறாமல் தேத்தண்ணியை அதில் ஊற்றிவிட்டு என்னைப் பார்க்கிறார்.

"ஐயா வந்த புதிசில காய்ச்சலோட இந்த வாங்கிலதான் மூண்டு நாள் கிடந்தவர். பேக்கரி அம்மா கஞ்சி குடுத்தவா. அந்த வண்டில்காரர்தான் காணியில கொண்டுபோய் விட்டவர். அதையும் எழுதினனீங்களோ ஐயா?"

"அது என்ர சொந்தக் கதை. சரித்திரத்துக்கு உதவாது." கிளாக்கர் அண்ணாந்து, உதடு படாமல் ஊற்றிக்கொள்கிறார்.

நான் நானாவைக் கேட்கிறேன்: "அப்பவும் பேணி கொண்டுவந்தவரோ?"

"ஓம், கொண்டுவந்தவர். மூண்டு நாளும் அது பைக்குள்ள கிடந்தது. எங்கட கோப்பையிலதான் குடிச்சவர்."