கோகேயில் இவர் ஓடாமல் நின்ற சண்டை

சென்ற ஓகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு, டென்மார்க்கின் யூலண்ட் பக்கம் நாங்கள் இருக்கிற கிரின்ஸ்டெட்டிலிருந்து காரை எடுத்தோம். பின் இருக்கையில் ரொட்டியும் கட்டைச்சம்பலும், பிளாஸ்கில் தேத்தண்ணி, பக்கத்தில் ஒரு சோடி மரச்செருப்பு. செருப்பு என் கணவர் தேவனுடையது. அதைப் போட்டுக்கொண்டு இங்கிலாந்துப் படையோடு சண்டை பிடிக்கத்தான் 240 கிலோமீற்றர் போகிறோம் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். நானும் முதலில் சிரித்தவள்தான்.

1807இல் இங்கிலாந்துப் படை கொப்பன்ஹேகனை வளைத்தபோது, தெற்கே கோகே என்ற கடலோர ஊரில் ஓகஸ்ட் 29ஆம் திகதி ஒரு சண்டை நடந்தது. டென்மார்க் பக்கம் நின்றவர்களில் நிறையப் பேர் அரைகுறைப் பயிற்சியோடு வந்த விவசாயிகள். காலில் மரச்செருப்பு. ஓடும்போது அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினார்களாம், அதனால் இன்றுவரை அதற்கு மரச்செருப்புச் சண்டை என்றே பெயர். தோற்ற சண்டைக்கு இப்படிப் பெயர் வைத்துச் சிரிக்கிற சனத்தை எனக்குப் பிடிக்கும்.

அங்கே ஒரு சரித்திரக் கழகம் அந்தச் சண்டையைப் புல்வெளியில் நடித்துக் காட்டுகிறது. தொழிற்சாலையில் இவரோடு வேலை செய்யும் ஒருவர் அதில் இருப்பதால் இவரையும் கூப்பிட்டுவிட்டார். எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்துகிற கிர்ஸ்டன் என்ற அம்மா மே மாதம் தொலைபேசி எடுத்து, உங்கள் நாடு இங்கிலாந்திடம் இருந்ததுதானே, சிவப்புக் கோட்டு பொருத்தமாக இருக்கும் என்று நல்ல மனதோடு சொன்னார். இங்கிலாந்தின் 52ஆம் படைப்பிரிவுக்கு ஆள் போதாதாம்.

எனக்குச் சும்மா இருக்க முடியுமா? நூலகத்தில் இருந்து அந்த 52ஐத் தோண்டினேன். அமெரிக்காவில் சண்டை பிடித்த பிறகு 1783இல் சென்னைக்கு வந்திருக்கிறது. பிறகு மைசூர்ச் சண்டைகள், 1793இல் பாண்டிச்சேரி முற்றுகை. 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து இலங்கையைப் பிடிக்க வந்தபோது அதில் ஒரு பகுதி எங்கே போய் இறங்கியது தெரியுமா? முல்லைத்தீவில். இவர் பிறந்த ஊர். பன்னிரண்டு வருடம் கழித்து அதே இலக்கம் கோகேயில் நிற்கிறது. கோகேக்கு வந்தது இரண்டாவது பட்டாலியன், ஆட்களும் வேறாகத்தான் இருந்திருப்பார்கள். என்றாலும் 52 என்பது 52தானே.

"அப்ப நான் அந்தக் கோட்டைப் போடமாட்டன்," என்றார் இவர். "எங்கடை ஊருக்கு வந்தவங்களின்ரை உடுப்பு எனக்கேன்? நான் மரச்செருப்பே போடுறன்."

மரச்செருப்புக்காரர் எல்லாரும் ஓடவேண்டும். ஆறு பேர் மட்டும் கடைசிவரை நிற்பார்கள். உண்மையிலும் பக்கத்து ஊரான ஹெர்ஃபோல்கெயில், தேவாலய வளவுக்குள் சிலர் கொஞ்ச நேரம் எதிர்த்து நின்று, பிறகுதான் சரணடைந்தார்கள். அந்த ஆறு பேரில் ஒருவராக வர, அன்று காலை ஒரு சோதனை: நானூறு மீற்றர் ஓடவேண்டும், செருப்பு கழரக்கூடாது. ஓடாமல் நிற்பதற்கு ஓடிக் காட்டவேண்டும், பாருங்கோ. இவருக்கு ஐம்பத்தெட்டு வயது. ஒவ்வொரு பின்னேரமும் எங்கள் தெருவில் டக்கு டக்கென்று ஓடினார். உங்களுக்கு ஏன் இந்தத் தேவையில்லாத வேலை என்று ஒருநாள் கேட்டேன்.

"முல்லைத்தீவிலையிருந்து ஓடினன். வவுனியாவிலையிருந்து ஓடினன். கொழும்பிலையும் இருக்க விடேல்லை," என்றார். "ஒருக்கா எண்டாலும் ஓடாமல் நிண்டு பாக்கவேணும். விளையாட்டுக்கெண்டாலும் பரவாயில்லை."

அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை. தடித்த கம்பளிக் காலுறை இரண்டு சோடி வாங்கிக் கொடுத்தேன்.

கோகே போய்ச் சேர ஒன்பது மணி. வழியில் பியூன் தீவில் ஒரு தரிப்பிடத்தில் சாப்பிட்டதால் அரை மணி கூடப் போனது. ஊர் நடுவில் பெரிய சதுக்கம், மரச்சட்டம் தெரிகிற பழைய வீடுகள், சனிக்கிழமைச் சந்தை. எனக்குச் சுற்றிப் பார்க்க ஆசை, இவரோ நேரே புல்வெளிக்கு நடந்தார்.

பத்து மணிக்குச் சோதனை. பதினொரு பேர் ஓடினார்கள். பாதித் தூரத்துக்குள் ஐந்து பேரின் செருப்பு புல்லில் கிடந்தது. கடைசி வளைவில் இவரின் இடது குதிக்கால் வெளியே வந்துவிட்டது. மனிசன் விரல்களால் செருப்பை இறுக்கிப் பிடித்து, நொண்டி நொண்டி, எல்லாருக்கும் கடைசியாக வந்தார். செருப்பு இரண்டும் காலில். கிர்ஸ்டன் விரல் விட்டு எண்ணி, "ஆறு" என்றார்.

ஒரு மணிக்குச் சண்டை. மேளம் அடித்துக்கொண்டு சிவப்புக் கோட்டுகள் வந்தன. மற்றவர்கள் செருப்பை வானத்தில் எறிந்துவிட்டு ஓட, சனம் விழுந்து விழுந்து சிரித்தது. ஆறு பேர் மட்டும் துப்பாக்கியோடு நின்றார்கள். இவருக்கு முன்னால் வந்து துப்பாக்கியை நீட்டிய 52ஆம் படை வீரன் எங்கள் நிறம்.

"அண்ணா, தமிழா நீங்க?"

"ஓம். நீர்?"

"பாண்டிச்சேரிங்க. கார்த்திக். கொப்பன்ஹேகன் பக்கத்துல ஹ்விடோவ்ரேல இருக்கேன், ஐடில வேலை."

"உம்மடை ஊரையும் இந்தக் கோட்டுத்தானே வந்து அடிச்சது. தெரியாதோ?"

"அதெல்லாம் தெரியாதுண்ணா. எனக்கு இந்த சைஸ்தான் கிடைச்சுச்சு. துப்பாக்கியைக் கீழ வையுங்க, எல்லாரும் பாக்கறாங்க."

மற்ற ஐந்து பேரும் கீழே வைத்தாயிற்று. இவர் வைக்கவில்லை. கிர்ஸ்டன் ஒலிபெருக்கியில், தேவன், இப்போது நீங்கள் சரணடையவேண்டும் என்றார். இவர் அசையவில்லை. ஒரு நிமிடம் இருக்கும். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்குக் கண் நிறைந்துவிட்டது, சந்தோசத்தில்.

"இண்டைக்கு ஏலாது தம்பி," என்றார் இவர். "வேணுமெண்டால் நீர் ஓடும்."

கார்த்திக் இவர் முகத்தைப் பார்த்தான். பிறகு தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டு, வந்த வழியே ஓடினான். அவனைப் பார்த்து இன்னும் இரண்டு சிவப்புக் கோட்டுகள் ஓடின. புல்வெளி முழுக்க ஒரே கைதட்டல். கிர்ஸ்டன் ஒலிபெருக்கியில் அமைதியாக, "1807இல் இப்படி நடக்கவில்லை" என்று மட்டும் சொன்னார்.

பிறகு கார்த்திக்கும் எங்களோடு மரத்தடியில் இருந்து ரொட்டி சாப்பிட்டான். கட்டைச்சம்பல் உறைப்புத்தான் அவனை உண்மையில் தோற்கடித்தது.

போக நினைப்பவர்களுக்கு: கொப்பன்ஹேகனில் இருந்து என்றால் எஸ்-ரயிலில் E தடம் எடுங்கோ, நாற்பது நிமிடம் அளவில், கார் தேவையில்லை. யூலண்டில் இருந்து வருபவர்கள் வழியில் வரும் ஸ்டோரபெல்ட் கடற்பாலத்தின் கட்டணத்தை இணையத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கோ. சந்தை மத்தியானத்துக்குப் பிறகு கலைந்துவிடும். நேரம் இருந்தால் ஹெர்ஃபோல்கெ தேவாலயத்துக்கும் போங்கோ, உண்மையாக நின்றவர்கள் நின்ற இடம் அது. மரச்செருப்பு போட ஆசை என்றால் காலுறை இரண்டு சோடி, ஒன்றுக்கு மேல் ஒன்று.

திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். பாலத்தில் ஏறும்போதே இவர் நித்திரை, செருப்பு காலிலேயே. வீட்டுக்கு வர இரவு எட்டு மணி. உள்ளே மண் வரும், வாசலில் கழற்றுங்கோ என்றேன்.

"பொறும், ஆறுதலாக் கழட்டுறன்," என்று படியில் இருந்தார். "ஒருத்தரும் துரத்தேல்லையே."