தலைக்கு மேல் போக வேண்டிய கை

பிள்ளையார்பாளையத்துப் புவனேஸ்வரியைச் சும்மா உட்கார வைப்பது யாராலும் ஆகாத காரியம். இடது மார்பில் இருந்த புற்றுக்கட்டியை அறுவை செய்து எடுத்த ஐந்தாவது வாரமே, தறியில் கணவர் குமாரசாமிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். பட்டுச்சேலைக்குக் கரை சேர்த்து நெய்ய இரண்டாவது ஆள் வேண்டும். இருபத்தாறு வருடமாக அந்த ஆள் அவள்தான்.

ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித்தரும் சுகாசினி ஒரு தாள் கொடுத்திருந்தாள். சுவரில் விரல்களை மெல்ல மேலே ஏற்ற வேண்டும், படுத்துக்கொண்டு கையைத் தூக்க வேண்டும், தினம் மூன்று வேளை. புவனேஸ்வரி அந்தத் தாளைப் பத்திரமாக மடித்து பீரோவில் வைத்தாள்.

"நாள் பூரா நெய்ஞ்சிக்கினுதானே இருக்கேன்? இதுக்கு மேல இன்னா எக்சர்சைஸ்?"

குமாரசாமியும் ஆமாம் போட்டார். தறிக்காரர் வீட்டில் கைக்கு வேலை போதாது என்றால் யார் நம்புவார்கள்!

கதிர்வீச்சு சிகிச்சைக்கு அளவெடுக்கப் போன அன்று குட்டு உடைந்தது. மேசையில் படுக்கவைத்து, இடது கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னார்கள். தோளைத் தாண்டி வரவில்லை. கை மறைத்தால் கதிர் விழ வேண்டிய இடத்தில் விழாது. பத்து நாள் கழித்து வாருங்கள், அப்போதும் முடியாவிட்டால் சிகிச்சை தள்ளித்தான் போகும் என்றார்கள். புவனேஸ்வரி நேரே சுகாசினியிடம் போய் நின்றாள்.

சுகாசினி திட்டவில்லை. "தறியில எப்படி நெய்வீங்க, செஞ்சு காட்டுங்கம்மா" என்றாள். புவனேஸ்வரி நாற்காலியில் உட்கார்ந்து வெறும் காற்றில் நெய்து காட்டினாள்.

"முன்னால போவுது, பக்கத்துல போவுது. ஒரு தபாவாச்சும் கை தோளுக்கு மேல போச்சா?" என்று கேட்டாள் சுகாசினி.

போகவில்லை. கையைத் தூக்கிக்கொண்டு நெய்கிற தறி எந்த ஊரில் இருக்கிறது?

வீட்டுக்கு வந்ததும் குமாரசாமி பழைய தறியின் உருளையைக் கழற்றி உத்திரத்தில் கட்டி, கயிறு கோத்தார். செல்போனில் படமெடுத்து சுகாசினிக்கு அனுப்பினார். 'சரி, மெதுவாக. சுருக்கென்று வலித்தால் நிறுத்தணும்' என்று பதில் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து வலது கை கயிற்றை இழுக்க, இடது கை மேலே ஏறும். வேளை வந்தால் அவரே தறியை நிறுத்திவிடுவார்.

"சேலை எங்கியும் ஓடிப்போவாது. நீ வாம்மா."

"நல்லா வேலை வாங்குறய்யா நீ" என்று முணுமுணுத்துக்கொண்டே இழுத்தாள். முதல் நாள் கண் மட்டம். நாலாம் நாள் நெற்றி. ஆறாம் நாள் வலியில் அழுதாள், அவரைத் திட்டினாள், கொஞ்சம் ஓய்ந்து மறுபடி உட்கார்ந்தாள். ஒன்பதாம் நாள் கை காதை உரசியது. அன்று அவளுக்கு இரண்டு தோசை கூடுதலாக இறங்கியது.

பத்தாம் நாள் அதே மேசை. புவனேஸ்வரி கண்ணை மூடிக் கையைத் தூக்கினாள்.

"இடது கை மட்டும் போதும்மா" என்றாள் அளவெடுக்கும் பெண்.

"இருக்கட்டும்மா. இத்தினி நாளா இந்த வலது கைதான் அதைத் தூக்கிவுட்டுச்சி. இப்ப மட்டும் நீ வராதன்னு சொல்லவா?"

அந்தப் பெண் சிரித்துவிட்டு இயந்திரத்தை ஓட்டினாள். புவனேஸ்வரிக்குச் சந்தோஷத்தில் கண்ணீர் பொங்கிக் காதுக்குள் ஓடியது. துடைக்க முடியவில்லை. இரண்டு கையும் மேலே இருந்தன.