நிஜ ஆளை வரச் சொல்லு

இரண்டு வருடத்துக்கு முன், பொங்கல் முடிந்த வாரம் நடந்தது இது. இடம், எங்கள் பகுதி ஆர்.டி.ஓ. ஆபீஸ்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறேன். பெரியபாளையத்தில் புறப்பட்டு, ஆரணி, புதுவாயல், கவரைப்பேட்டை என்று வழியில் நிற்பவர்களை ஏற்றிக்கொண்டு போய் கம்பெனி கேட்டில் விடுவேன். ஷிப்ட் முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து இறக்குவேன். பல வருடமாக இதே ரூட்தான். வேனில் வருகிறவர்கள் பேசுவார்கள், சிரிப்பார்கள், சில நாள் சண்டையும் போடுவார்கள். நான் பேச மாட்டேன். திமிர் இல்லை, கூச்சம். நாலு பேர் என் முகத்தைப் பார்த்தால் வார்த்தை தொண்டையோடு நின்றுவிடும். ரோட்டைப் பார்த்துக்கொண்டே செய்கிற வேலை அமைந்தது என் அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்திருந்தேன்.

எனக்கு ஒரே மகள். மாப்பிள்ளைக்கு ஜப்பானில், கார் உதிரிபாகம் செய்கிற தொழிற்சாலையில் வேலை. பெரிய நகரம் இல்லை, மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். மகள் தலைப்பிரசவத்துக்கு இங்கே வருவதாகத்தான் இருந்தது. ஐந்தாம் மாதம் உதிரப்போக்கு கண்டது. விமானத்தில் ஏறவே கூடாது என்று அங்கிருந்த டாக்டர் சொல்லிவிட்டார். அந்தச் செய்தி வந்த அன்று, தாயும் பிள்ளையும் பிழைத்துக்கிடந்தால் முடி கொடுக்கிறேன் என்று பெரியபாளையத்து அம்மனுக்கு வேண்டிக்கொண்டேன்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது எங்கள் வழக்கம். "அவ இங்க வர முடியாதுன்னா நாம அங்க போவோம். நாம இருக்கற இடம்தான் அவளுக்குத் தாய் வீடு" என்று என் மனைவி முடிவு செய்துவிட்டாள்.

மாப்பிள்ளை போனில் இன்னொன்றும் சொன்னார். ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அவர் காரை வீட்டில் விட்டுவிட்டு கம்பெனி பஸ்ஸில்தான் வேலைக்குப் போவார், வேலை நேரத்தில் கையில் போன் இருக்காது. மகளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. பனி கொட்டுகிற நாளில் டாக்சியை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

"மாமா, நீங்க இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட் எடுத்துக்கினு வந்துடுங்க. அத அங்கதான் தருவாங்க, இங்க வந்தப்புறம் எடுக்க முடியாது. இங்கயும் நம்ம ஊர் மாதிரி லெஃப்ட்லதான் போவணும். உங்களுக்குக் கஷ்டமா இருக்காது" என்றார்.

மகள் போனை வாங்கினாள். என்னை அவள் நைனா என்றுதான் கூப்பிடுவாள். "நைனா, வலி வந்தா நீ கூட்டிக்கினு போவேன்ற தைரியத்துலதான் இருக்கேன்" என்றாள். அதற்குப் பிறகு எனக்கு அந்தப் பர்மிட் தவிர வேறு நினைப்பு இல்லை.

நெட் சென்டரில் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தார்கள். லைசென்ஸ், பாஸ்போர்ட், விசா, டிக்கெட், டாக்டர் சர்ட்டிபிகேட் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் போட்டுத் தயாராக வைத்தேன். புதன்கிழமை ஆபீசுக்குப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விமானம்.

செவ்வாய்க்கிழமை நானும் மனைவியும் பெரியபாளையம் கோயிலுக்குப் போனோம். இதுவரைக்கும் அம்மன் காப்பாற்றிவிட்டாள், வேண்டுதலைப் பாக்கி வைத்துக்கொண்டு கடல் தாண்டக் கூடாது என்று அவள் சொன்னாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. முடி எடுப்பவர் தலையை முடித்துவிட்டு, "மீசையும் எடுக்கணுமா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் மனைவி, "அம்மாவுக்குக் கொடுக்கறதுல இன்னா கணக்கு? எடுங்க" என்றாள். இருபது வயதில் வைத்த மீசை, இரண்டு இழுப்பில் போய்விட்டது. சந்தனம் தடவிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்தோம். மறுநாள் எங்கே போகிறோம், எதற்குப் போகிறோம் என்பது இரண்டு பேருக்கும் உறைக்கவே இல்லை.

புதன்கிழமை என் முறை வந்தது. அதிகாரி ஃபைலைத் திறந்தார்.

"யாருக்குப் பர்மிட்?"

"எனக்குத்தான் சார்."

விண்ணப்பத்தில் இருந்த படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பாஸ்போர்ட்டைத் திறந்து பார்த்தார், பிறகு லைசென்ஸை எடுத்துப் பார்த்தார். மூன்றிலும் சுருட்டை முடி, அடர்ந்த மீசை. எதிரே நின்ற என்னிடம் இரண்டும் இல்லை.

"இது யாரு?"

"நான்தான் சார்."

"பொறந்தது எப்ப?"

பதற்றத்தில், சின்ன வயதிலிருந்து என் அம்மா சொல்லிச் சொல்லி மனதில் பதிந்தது வாயில் வந்துவிட்டது. "ஆடி மாசம் சார். மூணாவது ஞாயித்துக்கிழமை" என்றேன்.

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. "இதுல ஜூன்னு இருக்குதே" என்றார். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாத்தியார் போட்ட தேதி அது. எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு ஜூனில்தான் பிறந்த நாள். அதைச் சொல்லியிருக்கலாம். நேற்றுதான் மொட்டை போட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தை போதும். ஆனால் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். என்னால் வாயைத் திறக்க முடியவில்லை.

"ஆளை மாத்தி அனுப்பறதெல்லாம் இங்க நடக்காது. போய் நிஜ ஆளை வரச் சொல்லு" என்று ஃபைலைத் தள்ளிவிட்டார். அவர் மேல் தப்பு சொல்ல மாட்டேன். அவர் இடத்தில் நான் இருந்தாலும் என்னை நம்பியிருக்க மாட்டேன்.

வெளியே வந்து, வண்டி ஓட்டிக் காட்டுகிற மைதானத்தின் ஓரமாக ஒரு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தேன். மனைவிக்குப் போன் செய்தேன். "மொட்டை போட்டேன்னு சொல்றதுக்கு இன்னாங்க? வாயில கொழுக்கட்டையா வச்சிக்கினு இருந்தீங்க?" என்று கத்தினாள். அப்புறம் இரண்டு பேருக்குமே மகள் முகம் நினைவுக்கு வந்துவிட்டது. முடி வளர்கிற வரைக்கும் பிரசவம் காத்திருக்காது. நான் போய்ச் சேர்ந்தாலும், வாசலில் கார் நிற்கும், எடுக்க முடியாது.

யாரோ எதிரே வந்து நிற்பது தெரிந்து நிமிர்ந்தேன். கையில் ஹெல்மெட்டோடு ஒரு பெண். முப்பது வயது இருக்கும்.

"அண்ணா, நீங்க ஆரணி ரூட்டு வேன் அண்ணாதான?"

ஆமாம் என்று தலையாட்டினேன். எனக்கு அவளைத் தெரியவில்லை.

"நானும் உள்ளதான் இருந்தேன். மொட்டையில அடையாளம் தெரியல. இப்ப நிமுந்து பாத்தீங்களே, அந்தக் கண்ணுதான். வேன்ல அந்தக் கண்ணாடியில இத மட்டும்தான பாத்துக்கினு வருவோம்" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "உங்களுக்கு நாங்க வச்ச பேரு தெரியுமா? ஊமை அண்ணா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கம்பெனியில் சில வருடம் வேலை செய்தாளாம். புதுவாயலில் ஏறுவாளாம். "பையன் கைக்குழந்தையா இருந்தப்ப டெய்லி லேட்டுதான். வேற வேன்னா ஆரன் அடிச்சே ஊரைக் கூட்டிடுவாங்க. நீங்க இஞ்சினை ஆஃப் பண்ணிட்டு கம்முனு உக்காந்துக்கினு இருப்பீங்க. மறக்க முடியுமாண்ணா அத?"

உண்மையைச் சொன்னால் அது இரக்கம் இல்லை. ஹாரன் அடித்தால் கடைத்தெருவே திரும்பி என்னைப் பார்க்குமே என்ற கூச்சம். அதை அவளிடம் சொல்லவில்லை.

விஷயத்தைக் கேட்டாள். ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். "இவ்ளோதான? எழுந்திருங்க" என்றாள். அவளுக்கு அன்றைக்கு ஸ்கூட்டர் டெஸ்ட். முறை வருகிற நேரம். பக்கத்தில் நின்ற ஒருவரை முன்னால் போகச் சொல்லிவிட்டு என்னோடு உள்ளே வந்தாள்.

"நீ யாரும்மா, சொந்தமா?" என்று அதிகாரி கேட்டார்.

"இல்ல சார். இவரு வேன்ல வேலைக்குப் போனவ."

"வேன்ல போனவங்க சொன்னா நான் கையெழுத்துப் போட்டுட முடியுமா?"

"போட வேணாம் சார். ரேஷன் கடையில பருப்பு வாங்கவே கைரேகை வச்சிப் பாக்கறாங்க. இவருக்கும் வச்சிப் பாருங்க. முடி போச்சுன்னா ரேகையுமா போயிடும்?"

அதிகாரி முதல்முறையாகச் சிரித்தார். "மொட்டை போட்டாரா? அத அவரு சொல்லவே இல்லையே. எப்பப் போட்டாரு?" என்றார்.

அவள் என் பக்கம் திரும்பி, "சொல்லுங்கண்ணா" என்றாள்.

நான் சொன்னேன். நேற்று போட்டது, வேண்டுதல், மகளுக்கு உதிரப்போக்கு, மலைக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி, ஞாயிற்றுக்கிழமை விமானம், வாத்தியார் போட்ட ஜூன் என்று எல்லாம் முன்னும் பின்னுமாகத்தான் வந்தது. ஆனால் வந்துவிட்டது. ஒரு அதிகாரி முன்னால் அவ்வளவு நேரம் நான் பேசியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அவர் கேட்டு முடித்து, பக்கத்துத் தெருவில் இருக்கும் இ-சேவை மையத்தில் ஆதார் கைரேகை சரிபார்த்து ஒரு தாள் வாங்கி வரச் சொன்னார். இப்போது இருக்கிற தலையோடு புதுப் படமும் எடுத்து வரச் சொன்னார். அங்கே போனால் என் கட்டைவிரலை மெஷின் எடுக்கவில்லை. "ஸ்டியரிங் புடிச்சே தேஞ்சிப் போயிருக்கும் பெரியவரே" என்றான் மெஷினில் இருந்தவன். மீசை போனதும் பெரியவர் ஆகிவிட்டேன். ஒவ்வொரு விரலாகத் துடைத்துத் துடைத்து வைத்தோம். கடைசியில் இடது கை மோதிர விரல் என்னைக் காப்பாற்றியது.

மாலையில் பர்மிட் கைக்கு வந்தது. சின்னப் புத்தகம் மாதிரி இருந்தது. உள்ளே காதோரம் சந்தனம் தெரிய என் மொட்டைப் படம். அதிகாரி அதை நீட்டிக்கொண்டே, "ஏர்போர்ட்லயும் இதே கதை வரும். அங்க யாரும் ஆரணி ரூட்டுல வந்திருக்க மாட்டாங்க. அவங்க கேக்கறதுக்கு முன்னாடி நீங்களே வாயத் தொறந்து சொல்லிடுங்க" என்றார்.

வெளியே வந்தபோது அந்தப் பெண் டெஸ்ட் முடித்துவிட்டு ஸ்கூட்டரில் கிளம்பிக்கொண்டிருந்தாள். பர்மிட்டைத் திறந்து காட்டினேன். படத்தைப் பார்த்துச் சிரித்தாள். "பொண்ணு நல்லபடியா பெத்து எந்திரிக்கட்டும்ணா" என்றாள். பேர் கேட்டேன். வேனில் வந்த ஒருவரிடம் நான் பேர் கேட்டது அன்றுதான்.

ஏர்போர்ட்டில் அதிகாரி சொன்னபடியே செய்தேன். பாஸ்போர்ட்டை நீட்டுவதற்கு முன்பே தலையைத் தொட்டுக் காட்டிக் கும்பிட்டேன். ஜப்பானில் தமிழிலேயே, "கோயில் மொட்டை" என்றேன். அந்த அதிகாரிக்கு என்ன புரிந்ததோ, படத்தையும் என்னையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, லேசாகத் தலை குனிந்து முத்திரை வைத்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்த மூன்றாம் வாரம், ஒரு மத்தியானம் மகளுக்கு வலி எடுத்தது. மாப்பிள்ளை ஷிப்டில் இருந்தார். வெளியே பனி. மகளும் மனைவியும் பின்னால் உட்கார, நான் காரை எடுத்தேன். கிளட்ச் இல்லாத வண்டி. என் இடது கால் வழியெல்லாம் இல்லாத கிளட்சைத் தேடிக்கொண்டே வந்தது. கண்ணாடியில் பார்த்தேன். மகளுடைய கண் மட்டும் தெரிந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நைனா, எதுனா பேசு நைனா" என்றாள்.

வண்டி ஓட்டும்போது பேசிப் பழக்கமில்லாதவன் நான். அன்று ஆர்.டி.ஓ. ஆபீஸ் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். ஆடி மூணாவது ஞாயிறு என்று நான் சொன்ன இடத்தில், வலியிலும் அவள் சிரித்துவிட்டாள். ஊமை அண்ணா என்ற பெயரை அவளுக்கு இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. மோதிர விரல் வரைக்கும் சொல்லி முடிப்பதற்குள் ஆஸ்பத்திரி வந்துவிட்டது. மாலையில் பேத்தி பிறந்தாள். தாயும் பிள்ளையும் சுகம்.

ஊர் திரும்பி, மறுபடியும் அதே ரூட்டில்தான் ஓட்டுகிறேன். முடி வளர்ந்துவிட்டது, மீசையும் வந்துவிட்டது. அந்தப் பர்மிட்டுக்கு ஒரு வருடம்தான் ஆயுள், அதுவும் முடிந்துவிட்டது. இப்போது காலையில் வேனில் ஏறுகிறவர்களைத் திரும்பிப் பார்த்து, பேர் சொல்லிக் கூப்பிடுகிறேன். முதலில் அவர்கள்தான் கூச்சப்பட்டார்கள். இத்தனை வருடம் என்னை யாரும் பார்க்கவில்லை என்று நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கண்ணாடியில் அவர்களும் என்னைப் பார்த்துக்கொண்டுதான் வந்தார்கள் என்பது, நான் யார் என்று எனக்கே சொல்ல வராத அந்த ஒரு நாளில்தான் தெரிந்தது.