கொடியில் தொங்கிய விரிப்புகள்

என் புருஷன் பாஸ்தியன் ஃபோக்கே ஓவியர். கடைப் பலகைகளுக்கு வண்ணம் அடித்துத் தொடங்கியவர், பாரிசில் படம் மாட்டினார். செய்ன் ஆற்றங்கரையில் எங்கள் ஊர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் இன்றும் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே, எனக்கென்ன!

நான் சலவைக்காரி. எனக்குத் துணி காய வெயில் வேண்டும், அவருக்குப் படம் வரைய வெயில் வேண்டும். அறைக்குள் உட்கார்ந்து வரைவது அவருக்கு ஆகவே ஆகாது. காலை வெயில் ஆப்பிள் மரத்தைத் தாண்டியதும் மனுஷன் தூரிகையைக் கீழே வைத்துவிடுவார். மறுநாள் அதே வெயில் வரும்வரை அந்தப் படத்தைத் தொடமாட்டார்.

அந்த வசந்தத்தில் என் கொடியில் காய்ந்த படுக்கை விரிப்புகளைத்தான் பாரிஸ் கண்காட்சிக்காக வரைந்துகொண்டிருந்தார். விரிப்புகள் விடுதிக்கார மதாம் குர்ன்யேவுடையவை. துணி காய்ந்துவிட்டது, படம் முடியவில்லை.

"ஸெலி, எடுத்துடாதே. நாளைக்குக் காலையில முடிச்சிடுவேன்."

"நல்லா இருக்கே கதை! நாளைக்கு விடுதிக்குக் கல்யாணக்காரங்க வர்றாங்க. அந்தம்மா என்னைச் சும்மா விடுமா?"

"இதை விட்டா கண்காட்சிக்கு அனுப்ப என்கிட்ட வேற ஒண்ணும் இல்லடி."

கெஞ்சிப் பழக்கமில்லாத மனுஷன். பாழாய்ப்போன மனசு இளகிவிட்டது. விரிப்புகளைத் தொடவில்லை.

மறுநாள் அவர் பாதி வரைந்துகொண்டிருக்கும்போதே மதாம் வந்து நின்றாள்.

"ஏண்டி, காஞ்ச துணியை வச்சு வேடிக்கையா பார்க்கிற?"

"தொடாதீங்க மதாம். வெயில் மரத்தைத் தாண்டட்டும், நானே சுமந்துட்டு வர்றேன்."

"துணி துவைக்கிறவளுக்கு இவ்வளவு திமிரா? இனிமே என் வாசப்படி ஏறாதே!"

அவள் கை நீட்டினாள். நான் சிவப்புச் சால்வையோடு, இடுப்பில் கைவைத்துக் கொடிக்கு முன்னால் போய் நின்றேன்.

"ஸெலி, தள்ளி நில்லு, மறைக்குது!" என்று கத்தினார் என் புருஷன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனாலும் நகரவில்லை. படம் முடிந்தது. விடுதிச் சலவை அன்றோடு போயிற்று.

பாரிஸ் கண்காட்சிக்கு நானும் போயிருந்தேன். அந்தப் படத்தின் முன்னால்தான் அதிகக் கூட்டம், அதிகச் சிரிப்பு. உயரத் தொப்பி வைத்த ஒருவர் குனிந்து பார்த்தார்.

"துணிக்கு நடுவுல இதென்னய்யா செவப்பா? தக்காளியை நசுக்கி அப்பிட்டானா?"

கோபத்தில் அதுவரை அந்தப் படத்தை ஏறிட்டும் பார்க்காத நான் எட்டிப் பார்த்தேன். முகம் இல்லை, மூக்கு இல்லை. ஒரே ஒரு சிவப்புத் தீற்று. ஆனால் இடுப்பில் கை இருந்தது. தள்ளி நிற்கச் சொன்ன மனுஷன் என்னை விட்டுவிடவில்லை.

"தக்காளி இல்லீங்க, ஐயா," என்றேன், கூடம் முழுக்கக் கேட்கும்படி. "அது நான்."

அப்படியே இடுப்பில் கைவைத்துப் படத்துக்குப் பக்கத்தில் நின்றேன். கண்காட்சியை மூடும்வரை நகரவில்லை.